பேட்டரியில் மிச்சம் இருந்திருக்க வேண்டும்

பீரோவைத் திறந்ததும் இனிப்பாக ஒரு வாசனை வந்தது. எலி மருந்தோ என்று முதலில் பயந்தேன். பிறகு மருமகளின் நகப்பூச்சு ஏதாவது கவிழ்ந்திருக்குமோ என்று நினைத்தேன். என் சட்டைகளுக்கு அடியில் நகப்பூச்சு எப்படி வரும் என்ற கேள்வி அதற்கப்புறம்தான் தோன்றியது. ஒவ்வொரு துணியாக எடுத்து முகர்ந்து கட்டிலில் அடுக்கிக்கொண்டே போனேன். அடித்தட்டில், பழைய போர்வைக்குள், உன்னுடைய மடிக்கணினி. அதன் வயிறு உப்பியிருந்தது. மேசையில் வைத்தபோது நேராக நிற்காமல் ஆடியது. உள்ளே பேட்டரி வீங்கி மேலோட்டைப் பிளந்திருக்கிறது. வாசனை அங்கிருந்துதான்.

"மாமா, அது வெடிக்கும். இன்னிக்கே வெளிய போயாகணும்" என்றாள் மருமகள், அறைக்குள் வராமலே.

வெடிக்கும் என்பதை நான் நம்பவில்லை. வெடிக்காது என்பதையும் நம்பவில்லை. பேட்டரியை மட்டும் மெல்லக் கழற்றி, பால்கனியில் செடி பட்டுப்போன ஒரு மண்தொட்டிக்குள் வைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதில் வராது என்று தெரியும். நீ இருந்தபோதே, நான் கேட்ட ஒரே ஒரு முக்கியமான கேள்விக்கு நேரான பதில் தராமல் போனவன்தானே நீ.

நாம் இருவரும் எடை அளவுத் துறையில் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு வெளிப்பணி. தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், படிக்கல்லைத் திருப்பி முத்திரையைத் தேடுவதும் என் தொழில். அது கையோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. என் மனைவி இருந்தவரை, நான் காய்கறிப் பையைக் கையால் தூக்கி எடை பார்ப்பதைக் கண்டு சிரிப்பாள். உனக்கு ஆய்வகம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நுண்தராசில் மற்ற எடைகளையெல்லாம் சோதிக்கும் மூல எடைகளோடு உன் பகல்கள் போயின. நான் முதல் முறை அந்த அறைக்குள் வந்து பெட்டிமேல் குனிந்தபோது நீ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாய். "மூச்ச அடக்குய்யா. நீ விடற மூச்சும் தட்டுல ஏறும்."

அப்போது உனக்குக் குரல் இருந்தது. வராண்டாவின் மறுகோடிவரை கேட்கும் குரல்.

தொண்டையில் வந்த நோய் அதை எடுத்துக்கொண்டது. அறுவை சிகிச்சை முடிந்து நீ வீடு திரும்பியபோது கழுத்தில் ஒரு துளை இருந்தது, குரல் இல்லை. கழுத்து நரம்பை வெட்டியதில் வலது தோளும் தொங்கிப்போயிற்று. பேனாவைப் பிடித்தால் கை கீழே கீழே இறங்கியது. இடக்கையால் எழுதிப் பார்த்தாய். எழுதியதை நீயே படிக்க முடியாமல் தாளைக் கசக்கி எறிந்தாய். அந்தச் சமயத்தில்தான் இந்த மடிக்கணினி வந்தது. இடக்கை விரல்களால் தட்டினால் போதும். திரையில் பெரிய எழுத்தில் தமிழ் வரும், எதிரில் இருப்பவர் படித்துக்கொள்ளலாம். கணினியையே பேசவைக்கும் ஒரு நிரலும் போட்டுப் பார்த்தோம். வெள்ளைக்காரப் பாதிரியார் ஜலதோஷத்தோடு பிரசங்கம் செய்வதுபோல் அது தமிழ் பேசிற்று. நீ கேட்டுவிட்டுத் தட்டினாய்: "இதுக்கு ஊமையே தேவல."

கணினியைக் கொடுத்தவன் உன் அண்ணன் மகன். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஏதோ கம்பெனியில் கழித்துக் கட்டிய கணினிகளில் ஒன்று. "சித்தப்பா, இதுல அடிங்க, நாங்க படிச்சுக்கறோம்" என்று வைத்துவிட்டுப் போனானாம். அதே வாரத்தில்தான் உன் அண்ணன் வீட்டுப் பேச்சை எடுத்தார். இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததை நீ கவனிக்கவில்லை என்றாய். நான் கவனித்தேன்.

மர்பி டவுனில் உன் அப்பா கட்டிய வீடு அது. முன்பக்கம் அண்ணன் குடும்பம். பின்பக்கம் ஓர் அறையும் சமையல்கட்டும் உனக்கும் உன் மனைவி சகுந்தலாவுக்கும். முழு மனையையும் ஒரு பில்டருக்குக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் கிளம்பினார். அதற்கு உன் பங்கை நீ விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். "தரேன்னு ஆபரேசனுக்கு மொத நாளு ஆஸ்பத்திரில வாயாலயே சொன்னான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாளுக்குப் பிறகு உனக்கு வாயே இல்லை. இதைவிடத் தோதான ஒரு வாக்குமூலத்தை நான் என் உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

நீ அப்படிச் சொல்லவில்லை. நீ அதிக நாள் இருக்கப் போவதில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். பிள்ளை இல்லை, சகுந்தலாவுக்குப் பிறந்த வீடும் இல்லை. அந்தப் பின்கட்டு போனால் அவள் போய் நிற்க ஓர் இடம் கிடையாது.

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளில் அவளும் உன் கட்டிலருகே இருந்தவள்தான். ஆனால் மூத்தாருக்கு எதிரே பேசுவது உங்கள் வீட்டில் வழக்கமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முற்றத்துக்கு வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவரிடம் சொல்ல வேண்டியதை, அவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும், உன்னிடம்தான் சொல்வாள். "அவருக்குக் காபி வேணுமான்னு கேளுங்க." நீ கேட்பாய். "வேணாம்னு சொல்லு" என்று அவரும் உன்னிடமே சொல்வார். உன் குரல் போன பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை என்பதை நானே பார்த்தேன். அவள் கேட்பாள், நீ ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவாய், அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு "வேணாம்னு சொல்லு" என்பார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

தெருச் சங்கத்தில் பஞ்சாயத்து பேசுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். சங்கக் கட்டடம் என்பது ஒரு தகரக் கூரை அறை. பையன்கள் செல்போனுக்குச் சார்ஜ் போடுகிறார்கள் என்று சங்கத் தலைவர் அங்கிருந்த பிளக்கையே பிடுங்கி டேப் சுற்றிவைத்திருந்தார். ஆகவே பேட்டரியில்தான் பேச வேண்டும். உன் பேட்டரியோ முக்கால் மணி நேரம்கூட நிற்காது. உன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொள்ளவே அரைமணி எடுப்பார்.

"சகுந்தலா சொன்னாலே போதுமே" என்றேன்.

"அவ பேச மாட்டா. நான்தான் பேசணும். நீ பேட்டரியப் பாரு" என்று தட்டினாய்.

கணினிச் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெட்டியைத் தள்ளினார். "இந்த மாடல் கம்பெனில நிறுத்திட்டாங்க சார். இது இருக்கு. ஒரிஜினல் மாதிரியே." மாதிரியே என்ற சொல்லைக் கேட்டதும் என் கை பெட்டியின் பின்பக்கம் போய்விட்டது. திருப்பிப் பார்த்தேன். எழுத்து அச்சு மங்கலாக இருந்தது. "சும்னே சந்தேகப்படாதீங்க சார், ஸ்வல்ப நம்புங்க" என்றார், பாதிக் கன்னடத்தில். வாங்காமல் திரும்பினேன். நீ அதைக் கேட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாய். சிரிக்கும்போது உன் இடது தோள் மட்டும் குலுங்கும். "சாமி வரம் குடுத்தாலும் பின்பக்கம் முத்திர இருக்கான்னு திருப்பிப் பாக்கற ஆளு நீ, இன்ஸ்பெக்டரே."

புதுப் பேட்டரி கிடைக்காதென்றால் பழையதிலிருந்து போகும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். முதல் வேலையாக, உன் அண்ணன் மகன் போட்டுக் கொடுத்திருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு புத்தகம் வைத்துத் தப்பும் தவறுமாக நான் கற்றுக்கொண்டது அது. திறமைசாலி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு கட்டளையை மூன்று முறை படித்த பிறகுதான் என்டர் தட்டுவேன். ஆனால் அதில் எல்லா அமைப்பும் படிக்கக்கூடிய கோப்பாகத் திறந்து கிடக்கும். தட்டுக்கு அடியில் தடவிப் பார்க்கலாம். எதிராளி வீட்டிலிருந்து வந்த கருவியை நான் வேறெப்படி நம்புவது? அவன் உள்ளே எதையாவது ஒளித்துவைத்து, நீ தட்டுவதையெல்லாம் தன் அப்பாவுக்கு அனுப்புகிறானோ என்றுகூட எனக்கு இருந்தது. அழித்த பிறகும் பேட்டரி முன்போலவே இறங்கியது. ஆகவே திருடன் இன்னும் உள்ளே இருந்தான்.

எடைக்கல்லைச் சோதிப்பதுபோலவே போனேன். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம். மாற்றியதும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முழுக்க இறங்கவிட்டுப் பார்ப்பது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்ததில் பெரிய பலன் இருந்தது, ஆனால் உனக்கு எழுத்து தெரியவில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தேன். அந்தக் காலத்துத் திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும், கறுப்பாக்கியதால் மட்டும் மின்சாரம் மிச்சமாகாது. ஆனால் மங்கலான வெளிச்சத்திலும் எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது, அதுதான் லாபம். பிறகு வயர்லெஸ்ஸை அணைத்தேன். தேவைப்படாதபோதும் அது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மவுசைக் கழற்றினேன். செயலி எப்போதும் முழு வேகத்தில் ஓடாமல், வேலை இருக்கும்போது மட்டும் வேகமெடுக்கும்படி மாற்றினேன். சாளரமும் படமுமாக இருந்த கனமான முகப்பை எடுத்துவிட்டு, எழுதும் பலகை ஒன்று மட்டும் திறக்கும் மெல்லிய முகப்பை வைத்தேன். கை சும்மா இருந்தால் திரை தானாக அணையும் ஏற்பாட்டை மட்டும், மின்சாரம் செலவானாலும் பரவாயில்லை என்று நீக்கினேன். உன் அண்ணன் பேசும்போது நீ நெடுநேரம் சும்மாதானே உட்கார்ந்திருப்பாய். திரை இருண்டால் பேச ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஹார்ட் டிஸ்க்கும் வேலை இல்லாதபோது சுழல்வதை நிறுத்தித் தூங்க வேண்டும். அதற்கான அமைப்பையும் எழுதினேன். அது தூங்கவில்லை. காதை வைத்துக் கேட்டால் உள்ளே சுழலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் உன் அண்ணன் மகன் ஒரு நாள் மாலை பின்கட்டுக்கு வந்தான். "அங்கிள், சித்தப்பா சிஸ்டத்துக்கு நான் ஏதாச்சும் பண்ணட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாம்" என்று மடிக்கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் போய்விட்டான். நீ மூடியைத் திறந்து தட்டினாய்: "சின்னப்பய. அவன விடு." நான் விடவில்லை. அவன் தொட்ட பிறகு பேட்டரி வேகமாக இறங்குகிறதா என்று அன்றைக்கும் சோதித்தேன். அவனோ தொடவே இல்லை.

கடைசியில், எந்த நிரல் எத்தனை முறை செயலியைத் தட்டி எழுப்புகிறது என்று காட்டும் ஒரு சிறு கருவி கிடைத்தது. பவர்டாப் என்று பெயர். ஓடவிட்டோம். உன் கட்டிலில் நீ சாய்ந்திருந்தாய், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன், சகுந்தலா வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பட்டியலின் உச்சியில் ஒரு பெயர் நின்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். "காவல்."

நான் எழுதிய நிரல். பேட்டரியை யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முதல் நாளே எழுதி உள்ளே விட்டது. ஒவ்வொரு விநாடியும் அது எழுந்து, பேட்டரியிடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டு, பதிலை டிஸ்க்கில் ஒரு வரி எழுதிவிட்டு உட்காரும். அந்த ஒரு வரிக்காக டிஸ்க் தூங்காமலே கிடந்திருக்கிறது. செயலிக்கும் கண் மூடவில்லை.

நீ எட்டிப் படித்தாய். தோள் குலுங்கத் தொடங்கியது. கழுத்துத் துளையில் காற்று உஸ் உஸ் என்று வந்தது. சகுந்தலா பயந்து ஓடிவந்து முதுகைத் தடவினாள். "இன்னாங்க, இன்னா ஆச்சு? அண்ணா, அவருக்கு இன்னா?" உனக்கு ஒன்றும் இல்லை, சிரிப்புதான். நீ தட்டினாய்: "வேலியே பயிர மேஞ்சிருக்கு." சற்றுப் பொறுத்து இன்னொரு வரி: "மூச்ச அடக்குன்னு அன்னிக்கே சொன்னேன்."

காவலை எடுத்துவிட்டேன். எந்தக் கோப்பை எப்போது திறந்தோம் என்று லினக்ஸ் தானாகக் குறித்துவைக்கும் ஒரு பழக்கம் உண்டு. அதையும் மனமில்லாமல் நிறுத்தினேன். கணினி தன் நடப்புகளை எழுதும் பதிவேடுகளை டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே வைத்தேன். அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும், தடயமே இருக்காது. எனக்கு அது துணியில்லாமல் தெருவில் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் டிஸ்க் தூங்கியது. அன்று சோதித்தபோது பேட்டரி இரண்டு மணி நேரத்தைத் தாண்டி நின்றது. மறுநாளும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தகரக் கூரைக்குக் கீழே அனல். பெஞ்சில் சங்கத் தலைவரும் இரண்டு பெரியவர்களும். ஒரு பக்கம் உன் அண்ணனும் மகனும். எதிரே நீ, மடியில் கணினி, பக்கத்தில் நான். சகுந்தலா கதவோரம், முந்தானையால் தோளை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். நீ தட்டியதை நான் படிக்கலாம் என்று வாயெடுத்தேன். உன் அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"தலைவரே, இவரு படிக்க வேணாம். மாஜி இன்ஸ்பெக்டரு. அந்தப் பொட்டிக்குள்ள இன்னா மாத்தி வெச்சிருக்காரோ யாருக்குத் தெரியும்? நீங்களே படிங்க."

என்னைத் தராசுபோல் யாரோ திருப்பிப் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைமேல் குனிந்தார்.

உன் அண்ணன் பேசினார். அப்பா மேஸ்திரி வேலை பார்த்துச் செங்கல் செங்கலாகக் கட்டியதிலிருந்து ஆரம்பித்தார். அம்மாவுக்கு இரண்டு வருஷம் பீ, மூத்திரம் எடுத்தது தன் பெண்டாட்டி என்றார். அது உண்மை என்று நீயே தலையசைத்தாய். உன்னை ஸ்கூலுக்குச் சைக்கிளில் வைத்து மிதித்துக் கூட்டிப்போனதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. அவர் பொய்யர் என்று முடிவு கட்டி வந்திருந்த எனக்கு அது சங்கடமாக இருந்தது. கம்மல் நடிப்போ என்று கவனித்தேன், தெரியவில்லை. என் மனசு பேட்டரிக் கணக்கிலேயே இருந்தது. ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. இன்னும் அரைமணிக்கு மேல் கட்டாயம் நிற்கும்.

தலைவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "'அண்ணா, நான் அப்டி சொல்லல.' இதான் அடிச்சிருக்காரு."

"சொல்லலன்னு இப்ப அடிக்கறான். அன்னிக்கு சொன்னான். அப்ப இந்தப் பொட்டி இல்ல, நான் இருந்தேன்."

"வேற யாரு இருந்தாங்க?" என்றார் தலைவர்.

"நானும் இவனுந்தான்" என்றார் உன் அண்ணன்.

நீ தட்டத் தொடங்கினாய். நான் திரையைப் பார்க்கவில்லை, உன் அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டும் சத்தம் நின்றது. திரும்பினேன். உன் இடக்கை விசைகள்மேல் இல்லை, கணினியின் மேல்மூலையருகே இருந்தது. திரை கறுத்துக் கிடந்தது.

"இன்னாடா தம்பி, பேட்டரி பூட்ச்சா?" உன் அண்ணன் சிரித்தார். "பாருங்க தலைவரே, பொட்டிக்கே மேல சொல்ல ஒண்ணும் இல்ல."

பெஞ்சில் யாரோ கூடச் சிரித்தார்கள். தலைவர் மூக்கைச் சொறிந்தார். "அப்ப இன்னா பண்றது? அவரு பேசலன்னா, பெரியவரு சொன்னத ஒத்துக்கிட்டாருன்னுதான் நாங்க எழுதிக்கணும்."

இல்லை, பேட்டரி இருக்கிறது, இருந்தாக வேண்டும் என்று சொல்ல நான் எழுந்தேன். எழுந்தது உடம்பு மட்டும்தான். என்னை யார் நம்புவார்கள் என்ற நினைப்பு வந்து வாயை அடைத்தது. நீயோ என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய்.

"நான் இருந்தேன்."

யார் சொன்னது என்று அறையே தேடிற்று. சகுந்தலா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முதலில் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு திரும்பினாள்.

"மாமா, அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். கட்டிலுக்கு அந்தாண்ட, ஸ்டூல்ல. நீங்க வீட்டப் பத்திக் கேட்டீங்க. இவரு சரின்னு சொல்லல. 'அண்ணா, அவ எங்க போவா'ன்னு கேட்டாரு. கடைசியா இவரு வாயால பேசின பேச்சு அது. எனக்கு மறக்குமா? நீங்க பதிலு சொல்லல. ஆரஞ்சு உரிச்சினு இருந்தீங்க. உரிச்சு இவருக்கு ஒரு சொளை குடுத்தீங்க. 'அவளுக்கும் ஒண்ணு குடு'ன்னு இன்னொண்ண இவருகிட்ட குடுத்தீங்க. நான் துண்ணேன். நான் இல்லன்னு இப்ப எப்படி சொல்றீங்க?"

உன் அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "நீ... பேசுவியாம்மா?" என்றார். கோபமில்லை, ஆச்சரியம்தான். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

"பேசறதுக்கு இவருதான் இருந்தாரே. இப்ப பொட்டியும் பூட்ச்சு" என்றாள் அவள்.

அப்போது அந்தப் பையன், உன் அண்ணன் மகன், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆரஞ்சு வாங்கிக் குடுத்தது நான்தாம்ப்பா. கதவாண்ட நின்னுனு இருந்தேன். சித்தி ஸ்டூல்லதான் ஒக்காந்திருந்தாங்க. விடுங்கப்பா."

நான் வாரக்கணக்கில் திருடன் என்று காவல் வைத்திருந்த பையன் அவன்.

பின்கட்டு சகுந்தலா பெயருக்கு என்று அன்றே சங்கத்தில் எழுதினார்கள். மறுவாரம் நீ போய்ப் பதிவும் செய்தாய். சார்பதிவாளர் முன்னால் நீ கைநாட்டு வைத்ததைப் பார்த்துச் சிலர் உன்னைப் படிக்காதவன் என்று நினைத்திருப்பார்கள்.

என் கதைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து பின்கட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல், நீ செய்த முதல் வேலை கணினியைச் சார்ஜரில் சொருகியது. நான் கையை நீட்டுவதற்குள் சொருகிவிட்டாய். சொருகியதும் மிச்சம் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு கெட்டுப்போயிற்று. பதிவேடுகள் நினைவகத்தோடு போய்விட்டன. காவல் இருந்திருந்தால் கடைசி விநாடிவரை எழுதியிருக்கும். அதையும் என் கையால் எடுத்திருந்தேன்.

"உண்மையைச் சொல்" என்றேன். "நீதானே அணைத்தாய்? பொத்தானை அழுத்திப் பிடித்தாய், இல்லையா?"

நீ நிதானமாகத் தட்டினாய். "பழைய பேட்டரி. நம்பக் கூடாது."

"அவள் பேச வேண்டும் என்றுதான் செய்தாயா? பேசாமல் இருந்திருந்தால்? வீடே போயிருக்குமே!"

கணினியை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். பிறகு ஒரு வரி. "முத்திர குத்தின தராச மறுபடி மறுபடி சோதிக்காதய்யா." மூடியை மூடிவிட்டாய்.

அதன் பிறகு இருந்த கொஞ்ச மாதங்களில் நீ தட்டுவது குறைந்துகொண்டே போயிற்று. அண்ணன் முற்றத்துக்கு வந்தால் சகுந்தலா சமையல்கட்டிலிருந்தே "மாமா, காபி வெக்கட்டா?" என்று கேட்பாள். "வெய்ம்மா" என்பார் அவர். நீ கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாய்.

நீ போன பிறகு சகுந்தலா இந்தக் கணினியை என்னிடம் கொடுத்தாள். வந்த வாரமே சோதித்தேன், உன் சொல்லை மீறி. பழைய பேட்டரி சில சமயம் மிச்சம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே திடீரென்று விழுந்துவிடும் என்று படித்திருந்தேன். முதல் முறை இரண்டு மணி நேரம் ஒழுங்காக நின்றது. ஆக, அணைத்தது நீதான். மறுமுறை ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்தது. ஆக, நீ இல்லை. மூன்றாவது முறை சோதித்தால் தெரிந்திருக்கும். சார்ஜ் ஏற்றினேன், பொத்தானில் விரலையும் வைத்தேன். பிறகு போர்வையில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. எதையும் பாதியில் விட்டவனில்லை நான்.

இன்று வீங்கிய பேட்டரியோடு அந்த மூன்றாவது சோதனையும் போகிறது. தூக்கிக் கொடுப்பதற்கு முன் சகுந்தலாவைக் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். பின்னணியில் ஏகப்பட்ட சத்தம். சங்கத்தில் குடிநீர்க் குழாய்க் கூட்டமாம், அவள்தான் நடத்துகிறாளாம். "யோவ், ஒரு நிமிசம் எல்லாரும் சும்மா இருங்கய்யா!" என்று ஓர் அதட்டல் போட்டாள். அந்தத் தகரக் கூரை அதிர்ந்தது எனக்கு இங்கே கேட்டது.

கேட்டேன்.

"அவரு ஆஃப் பண்ணாரா இல்லியான்னா?" சிரித்தாள். "எனக்குத் தெரியும்ணா. கட்டில்ல ஒரு நாளு கேட்டேன், தலய ஆட்டினாரு. ஆமான்னு ஆட்டினாரா, இல்லன்னு ஆட்டினாரான்னு உங்களுக்கு சொல்ட்டா மட்டும் நம்பவா போறீங்க?"

"வேண்டாம், சொல்லாதே" என்றேன். அவள் அதற்குள் குழாய்க்குத் திரும்பியிருந்தாள்.

மருமகள் கேட்டுவிட்டாள், தொட்டியை எடுத்துப் போகட்டுமா என்று. எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். அவள் அதைக் கையை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்கிறது. எல்லாத் தராசையும் திருப்பிப் பார்த்த என்னிடம், திருப்பிப் பார்க்காத சந்தேகம் இது ஒன்றுதான் மிச்சம். அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்கிறேன், நீ சொன்னபடி. என் மூச்சும் தட்டில் ஏறிவிடக் கூடாது.